வெள்ளை அட்டைக் கணக்கு

கோயம்புத்தூர் சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் பக்கம் மின்வாரியக் கணக்கீட்டாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சனங்களுக்கு நான் ‘ரீடிங்காரர்’. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் வெள்ளை அட்டையை எடுத்து, தேதி, ரீடிங், ஓடிய யூனிட், கட்ட வேண்டிய தொகை என்று எழுதிச் சின்னக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஒரே தெரு, ஒரே வீடு. ஒரு குடும்பத்தின் செலவு எந்த வயதில் ஏறியது, எதனால் ஏறியது, யார் அதை இறக்கினார்கள் என்பதெல்லாம் அந்த அட்டையில் வரிசையாக இருக்கும். மளிகைக் கடைச் சிட்டை கிழிந்து போகும். பால் கணக்கு காலண்டரோடு போய்விடும். கரண்ட் அட்டை மட்டும் வருஷக்கணக்கில் நிற்கும். அதை வைத்துக்கொண்டு, இந்த ஊர்ச் சம்பளக்காரக் குடும்பங்கள் ஓய்வுக்குப் போகும் முன் மாதச் செலவை எப்படிச் சுருக்கின என்ற கதையைச் சொல்லலாம் என்றே எழுத உட்கார்ந்தேன்.

கோவைக்குக் கரண்ட் வந்த கதை பைக்காராவில் தொடங்குகிறது. நீலகிரியில் பைக்காரா ஆற்றுத் தண்ணீரைக் குழாய்களில் இறக்கி, அடிவாரத்துச் சிங்காராவில் மின்நிலையம் கட்டினார்கள். 1932-ல் உற்பத்தி தொடங்கியது. ஊரில் முதல் நூற்பாலை 1888-லேயே வந்துவிட்டது என்றாலும், மில்கள் வரிசையாக எழும்பியது பைக்காரா மின்சாரம் கம்பி வழியாக இறங்கி வந்த பிறகுதான். 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று அடுத்தடுத்து நீர்மின் நிலையங்கள் வந்தன. ஆனால் அந்தக் கரண்ட் முதலில் போனது மில்லுக்கும் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கும். வீடுகளில் வசதியானவர்களுக்கு மட்டும். மில்லுக்குள் பகல் போல வெளிச்சம், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சிம்னி விளக்கு. பல தொழிலாளர் வீடுகளில் அப்படித்தான் இருந்தது என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த கணக்கீட்டாளர் சொல்லுவார்.

1957 ஜூலை 1-ல் மின்சார வாரியம் அமைந்தது. அதற்குப் பிறகான இருபது வருஷத்தில்தான் நடுத்தர வீடுகளுக்குக் கம்பி வந்தது. அரசாங்கத்திடமிருந்து வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வந்த முதல் பில் கரண்ட் பில் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே ரேடியோ லைசென்ஸ் இருந்தது. தபால் ஆபீஸில் வருஷத்துக்கு ஒரு தடவை கட்டி, புத்தகத்தில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். 1980-களின் நடுவில் அதை எடுத்துவிட்டார்கள். அது வருஷத்துக்கு ஒரு தடவை வரும் செலவு என்பதால் யாருடைய நடவடிக்கையையும் மாற்றவில்லை. சுவிட்சைப் போடும்போதே காசு போகிறது என்ற நினைப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தது கரண்ட்தான்.

அந்தக் காலத்துச் சிக்கனத்தைக் கேட்டால் இப்போதுள்ளவர்கள் நம்ப மாட்டார்கள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுச்சுவரில் ஒரு ஓட்டை போட்டு, அதில் ஒரே பல்பை மாட்டி இரண்டு பக்கமும் வெளிச்சம் வாங்கிய வீடுகளை மூத்தவர் பார்த்திருக்கிறார். குண்டு பல்பு 60 வாட். மாலையில் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட். அன்றைக்கு வீட்டில் வேறு எதுவும் இல்லாததால் அந்தப் பதினெட்டுதான் பில். ஆகவே சிக்கனம் என்றால் விளக்கை அணைப்பது என்ற ஒரே அர்த்தம் நிலைத்துவிட்டது. இன்றும் எங்கள் வயதுக்காரர்கள் பில் ஏறினால் முதலில் ஓடிப்போய் விளக்கைத்தான் அணைக்கிறார்கள். காலம் மாறியது, கை மட்டும் பழைய சுவிட்சுக்கே போகிறது.

அதே காலத்து இன்னொரு விஷயம் ‘ஜீரோ வாட்’ பல்பு. பெயரை நம்பி ராத்திரி முழுக்க எரிய விட்டார்கள். அது 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். மீட்டர் சக்கரம் மெதுவாக நகரும் என்பதால் கரண்டே ஆகவில்லை என்று நினைப்பு. வயதானவர்கள் இருந்த வீடுகளில் இதை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ராத்திரியில் எழுந்து போக வெளிச்சம் வேண்டும், அதை அணைக்கச் சொல்லக் கூடாது. எவ்வளவு ஆகிறது என்று தெரிந்து எரிய வைத்தால் போதும்.

யூனிட் விலைக்காக இந்த மண்ணில் நடந்த பெரிய போராட்டத்தையும் சொல்லாமல் போக முடியாது. கிணற்று மோட்டாருக்கான கட்டணம் ஏறியதை எதிர்த்து நாராயணசாமி நாயுடு விவசாயிகளைத் திரட்டினார். 1972-ல் கோவை வீதிகள் முழுக்க மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். யூனிட்டுக்கு ஓரிரு பைசா என்றாலும், மாதாமாதம் திரும்பி வரும் பைசா என்றால் அது சின்னத் தொகை ஆகாது என்பது அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. உயிரைக் கொடுத்துப் போராடினார்கள். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் 1990 வாக்கில் வந்தது அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான். வீட்டுக்காரர்களுக்கு அப்படி ஒரு இயக்கம் இருந்ததில்லை. அவரவர் அட்டையை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நான் வேலைக்கு வந்த 1980-களில் அட்டையின் எண்கள் வேகமாக மாறின. முதலில் டியூப் லைட். 40 வாட் என்று எழுதியிருக்கும், சோக்கு தனியாகப் பத்துப் பதினைந்து வாட் தின்னும். அடுத்தது கிரைண்டர். இது கோயம்புத்தூர்த் தயாரிப்பு, ஊருக்கே பெருமை. ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து முதுகு ஒடிந்த பெண்களுக்கு அது பெரிய விடுதலை. கிரைண்டரால் பில் ஏறுகிறது என்று புலம்பிய ஆண்களிடம் நான் கணக்குச் சொல்லுவேன்: வாரத்துக்கு இரண்டு தடவை மாவு ஆட்டுகிற வீட்டில் இரண்டு மாதம் ஆட்டினாலும் பத்து யூனிட் தாண்டுவது அரிது. பில்லை ஏற்றியது கிரைண்டர் இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் சத்தமில்லாமல் ஓடிய பழைய ஃப்ரிட்ஜ். பிறகு ஹீட்டர். இரண்டு கிலோவாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நாலு பேர் தனித்தனி நேரத்தில் குளிக்கிற வீட்டில் அது நாளைக்கு இரண்டு யூனிட் வரை போகும்.

அப்போதைய மீட்டரில் அலுமினியச் சக்கரம் சுற்றும், விளிம்பில் சிவப்புக் கோடு இருக்கும். கோடு எவ்வளவு வேகமாக வந்து போகிறது என்று ஒரு நிமிஷம் பார்த்தால் உள்ளே என்ன ஓடுகிறது என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். பழைய மரப்பட்டை வயரிங் இருந்த வீடுகளில் நான் தவறாமல் ஒன்று செய்யச் சொல்லுவேன். எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃப்ரிட்ஜையும் பிடுங்கிவிட்டுச் சக்கரத்தைப் பாருங்கள், அப்போதும் நகர்ந்தால் சுவருக்குள் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஒரு ஓய்வுபெற்ற தறிக்காரர் வீட்டில் மழைக்காலத்தில் மட்டும் யூனிட் ஏறிக்கொண்டே இருந்தது. ஓட்டுக்கு அடியில் போன வயர் நனைந்திருந்தது. அதை மாற்றியதில் பில்லும் இறங்கியது. சுவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் ஆபத்தும் போயிற்று.

இனி ஓய்வு விஷயத்துக்கு வருகிறேன். பல வருஷம் அட்டை எழுதிய பிறகு எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. ஒரு வீட்டில் சம்பாதிக்கிறவர் ஓய்வு பெற்ற அடுத்த பில் பெரும்பாலும் குறையாது, ஏறும். சம்பளம் பாதியாகிற அதே மாதத்தில் கரண்ட் கூடுகிறது. காரணம் சாதாரணமானது. பகல் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டில் இப்போது ஆள் இருக்கிறார். சாதாரண மின்விசிறி 75 வாட். கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, பகலில் பத்து மணி நேரம் கூடுதலாக ஓடினால் நாளைக்கு ஒன்றரை யூனிட், இரண்டு மாதத்தில் 90 யூனிட். அதற்கு மேல் டிவி. மத்தியானம் காபி, வந்து போகிறவர்கள், நினைத்தபோது மோட்டார். ஓய்வு பெற்ற மில் ஊழியர் ஒருவர் வாசலிலேயே என்னை நிறுத்திக் கேட்டார்: “ஏனுங்க தம்பி, நானு சும்மா ஊட்டுலதான் உக்காந்திருக்கறேன். பில்லு எச்சா வந்திருக்குதுங்களே, மீட்டரு கீட்டரு கெட்டுப் போச்சுங்களா?” மீட்டர் சரியாகத்தான் இருந்தது. அவர் வீட்டில் உட்கார்ந்திருந்ததுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? அவர் மனம் நோகாமல் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பழைய அரசு ஓய்வூதியத்தில் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி வரும். அதில் மூன்றில் ஒரு பங்கை மொத்தமாக முன்கூட்டியே வாங்கியிருந்தால் 15 வருஷத்துக்கு அதைப் பிடித்துக்கொள்வார்கள். பெண் கல்யாணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ அதை வாங்காதவர்கள் குறைவு. 2003 ஏப்ரலுக்குப் பின் மாநில அரசு வேலைக்கு வந்தவர்களுக்கு அந்தப் பாதியும் உறுதி இல்லாமல் போயிற்று. மில்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத் திட்டமே 1995 நவம்பரில்தான் வந்தது. அந்த வருஷங்களில் கோவை மில்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று ஆனது 2014-ல். அந்த ஆயிரத்தை வாங்குகிறவர் வீட்டு அட்டையில் தொகை எழுதும்போது கை கூசும். இப்படிப்பட்டவர்களிடம் ‘செலவைக் குறையுங்கள்’ என்று புத்தி சொல்லுவது எனக்குப் பிடிக்காது. அவர்கள் குறைப்பதற்கு மிச்சம் எதுவும் வைத்திருக்கவில்லை.

நான் சொல்ல வருவது நடுவில் இருக்கிற குடும்பங்களைப் பற்றி. ஆசிரியர், குமாஸ்தா, மில்லில் சூப்பர்வைசர். இவர்களில் நன்றாகச் சமாளித்தவர்கள் எல்லோரும் ஓய்வுக்கு இரண்டு மூன்று வருஷம் முன்பே, சம்பளம் முழுசாக வரும்போதே வீட்டைச் சரிசெய்தவர்கள். பீளமேட்டுப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியர். 90-களில் ஓய்வு பெற்றார். அவர் வீட்டு மீட்டர் பெட்டிக்குள் ஒரு சின்ன நோட்டு இருக்கும், ஞாயிறுதோறும் ரீடிங் எழுதி வைப்பார். ஓய்வுக்கு முன்னால் பழைய ஃப்ரிட்ஜை விற்றுப் புதியது வாங்கினார். இருண்ட நடுக்கூடத்தில் ஓட்டுக்கு நடுவே இரண்டு கண்ணாடி ஓடு பதித்தார். அந்த அறையில் பகலில் விளக்கே தேவைப்படவில்லை. மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த ஆள் போட்டுக் கூப்பிடாமல், தொட்டி வழிகிற குழாயை வீட்டு முற்றத்தில் விழும்படி வைத்தார், சத்தம் கேட்டதும் அணைத்துவிடுவார்கள். பின்கட்டில் குடியிருந்தவருக்குத் தனி இணைப்பு வாங்கிக் கொடுத்தார். கரண்ட் யாருடையது என்ற சண்டை அன்றோடு தீர்ந்தது. “சம்பளம் வர்றப்ப ரெண்டாயிரம் செலவு பண்ணுனா வலிக்காதுங்க சார். பென்ஷன்ல இருநூறு போனாலே வலிக்கும்” என்பார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த அட்டையில் எண் ஏறவில்லை. நான் பார்த்ததில் அப்படி இருந்த வீடுகள் கொஞ்சம்தான்.

2006-க்குப் பிறகு வீட்டுக்கு வீடு அரசின் இலவச டிவி வந்தது, 2011-க்குப் பிறகு மிக்ஸியும் கிரைண்டரும் விசிறியும் வந்தன. விசிறி இல்லாத வீடு என்பது என் பகுதியில் அதோடு இல்லாமல் போனது. 2008-லும் 2012-லும் மின்வெட்டு. கோவைக்காரர்கள் யாரும் அந்தப் புழுக்கமான ராத்திரிகளை மறக்க மாட்டார்கள். மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் பல வீடுகளில் பிறகும் சுவரோடு நின்றுவிட்டது. பேட்டரி நிறைந்த பிறகும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். ஓய்வுபெற்றவர்கள் வீட்டில் இதை நான் குறிப்பாகப் பார்ப்பேன்.

2016 மே 23 முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் ஆனது. அதோடு 500 என்ற எண் ஊர் முழுக்கப் பிரபலமானது. இரண்டு மாதத்தில் சரியாக 500 ஓடினால் பில் 1,130 ரூபாய். 501 ஓடினால் சுமார் 1,786. ஒரே ஒரு யூனிட்டுக்கு அறுநூற்றைம்பது ரூபாய்க்கு மேல். வரம்பைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை மாறிவிடும் என்பதுதான் காரணம். ரீடிங் எடுக்க மூன்று நாள் தள்ளிப் போனால், நாளைக்கு எட்டு யூனிட் ஓடுகிற வீடு கோட்டைத் தாண்டிவிடும். அதனால் குறித்த நாளில் போய் நிற்பது ஒரு கணக்கீட்டாளர் அந்தக் குடும்பத்துக்குச் செய்கிற நியாயம் என்றே நான் நினைத்தேன், புதிதாக வந்த பையன்களுக்கும் அதையே சொன்னேன். 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியபோது 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501-க்கு 1,958 ஆயிற்று. பள்ளம் குறைந்தது, மொத்தம் ஏறியது. 2024 ஜூலையில் மறுபடியும் ஏறியது. ஓய்வூதியக்காரர் ஒருவருக்கு இந்த அட்டவணை மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லுவேன். தன் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் குறைக்க நினைத்தால் விசிறியை அணைத்துவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், பில்லில் நினைத்த அளவு இறங்காது.

நான் ஓய்வு பெற்ற பிறகு 2020-ல் ஊரடங்கு வந்தது. ரீடிங் எடுக்க யாரும் போக முடியவில்லை, முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நாலு மாத ரீடிங்கை ஒன்றாக எடுத்து இரண்டாகப் பிரித்தபோது ஊரே கூச்சல் போட்டது. எனக்குத் தெரிந்தவர்கள் தினமும் போன் செய்தார்கள். கோடைக்காலம், எல்லோரும் வீட்டில், எல்லா அறையிலும் விசிறி. ஓய்வுக்குப் பிறகு தங்கள் வீடு எப்படி இருக்கும் என்பதை ஐம்பது வயதுக்காரர்கள் பலர் அந்த நாலு மாதத்தில்தான் முதல் தடவையாகப் பார்த்தார்கள். அந்த அட்டைகளைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று சொன்னேன். ஓய்வுக்கால பட்ஜெட் போட அதைவிட நேர்மையான எண் கிடையாது.

என் வீட்டில் நான் செய்தது இவ்வளவுதான். ஓய்வுக்கு மூன்று வருஷம் முன்பிருந்தே விசிறிகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். புதிய பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டுக்குள் ஓடும். பழையது நாளைக்கு இருபது மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 90 யூனிட், இது 36. விலை அதிகம், ஆனால் எந்த விசிறி அதிக நேரம் ஓடுகிறதோ அதை மட்டும் முதலில் மாற்றினால் போதும். பல்புகள் 9 வாட் எல்.இ.டி. ஆகிவிட்டன, அதற்கு மேல் விளக்கில் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை. கீசரை விட்டுவிட்டு மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டி வைத்தோம். மனைவிக்கு மூட்டுவலி, வெந்நீர் இல்லாமல் முடியாது. அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தோம். செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வையுங்கள் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். அது வருஷம் முழுக்கச் சேர்ந்தாலும் ஒன்றிரண்டு யூனிட் தாண்டாது. வயதானவர்களைக் குனிந்து குனிந்து பிடுங்க வைப்பது எதற்கு?

கேபிள், இணையம், மொபைல், படம் பார்க்கும் சந்தா என்று இன்றைக்கு வரும் பில்களுக்குச் சக்கரமும் இல்லை, அட்டையும் இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடுகிறது. யாரும் வாசலில் வந்து நின்று எழுதிக் காட்டுவதில்லை. ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கிற நண்பர்களிடம் நான் சொல்வது, பாஸ்புக்கில் ஆறு மாதத்து வரிகளை வைத்து ஒரு வெள்ளைத் தாளில் அட்டை மாதிரியே கட்டம் போட்டு எழுதுங்கள் என்று. எழுதியவர்களில் பாதிப் பேர் யாரும் பார்க்காத சந்தா ஒன்றையாவது கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மாடியில் சோலார் போடலாமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. இரண்டு மாதத்தில் 300 யூனிட்டுக்குள் ஓடுகிற வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. அந்த வீட்டுப் பில்லில் பெரும் பங்கை இலவச யூனிட்டும் குறைந்த படியுமே தாங்குகின்றன. போட்ட பணம் திரும்ப ரொம்ப நாளாகும். ஏ.சி. வைத்து 800, 1,000 யூனிட் ஓடுகிறவர்கள், மகன் குடும்பத்தோடு சேர்ந்து இருக்கிறவர்கள் போடலாம். அதையும் கிராஜுவிட்டி பணம் கைக்கு வந்த பிறகு அவசரத்தில் போடாமல், வேலையில் இருக்கும்போதே நாலு இடத்தில் விலை கேட்டுப் போடுங்கள். கூரையில் தென்னை நிழல் எந்த மணிக்கு விழுகிறது என்று முதலில் ஒரு கோடைக்காலம், ஒரு மழைக்காலம் பார்த்துக்கொள்ளுங்கள்.